கள்ளனும் கணக்குப் பார்ப்பான்



களவு சிலருக்கு இரத்தத்தில் ஊறியது என்று நம்மவர் சொல்வதுண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் காரி பெக்கர் 1968இல் வேறுவிதமாக எழுதினார். கிடைப்பது எவ்வளவு, பிடிபட்டால் இழப்பது எவ்வளவு என்று குற்றவாளியும் கணக்குப் பார்க்கிறான் என்றார். மாணவர் ஒருவருக்குப் பரீட்சை வைக்கப் பிந்திப் போனபோது, தடைசெய்த இடத்தில் காரை விடலாமா என்று யோசித்ததில் பிறந்த எண்ணமாம் இது!

மேற்கு ஜேர்மனியில் 1980இல், தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிள் ஓடினால் அந்த இடத்திலேயே தண்டம் என்று வந்தது. உயிரைக் காக்க வந்த ஏற்பாடுதான். ஆனால் 1986க்குள் மோட்டார் சைக்கிள் களவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தெருவில் நிற்பதைக் கண்டு ஆசைப்பட்டவன் கையில் தலைக்கவசம் இல்லை. அது இல்லாமல் ஓடினால் பொலிஸ் மறிக்கும். அவர்கள் எல்லாரும் கார் களவுக்குப் போய்விடவும் இல்லை.

கோபத்தில் கத்தி எடுப்பவனுக்கு இந்தக் கணக்குச் சரிவராது என்பது என் எண்ணம். வீடுடைப்பவனுக்குச் சரிவரும். எங்கள் வீடுகளில் தங்கம் இருக்கும், கலியாணமென்றால் வீடே காலி என்று அவனுக்குத் தெரியும். களவு போனபின் "கையை வெட்ட வேணும்" என்று கத்தி என்ன பயன்? மொழி தெரியாதென்று அயலவருடன் கதைக்காமலே இருபது வருடம் இருந்தவர்கள் நம்மிடையே உண்டு. அடுத்த கலியாணத்துக்குப் போகுமுன் அவர்களிடம் ஒரு சொல் சொல்லிவையுங்கள். முன்னறை விளக்கும் எரியட்டும்.