பொம்மைக்குச் சட்டை, நம் கணக்கில் ஓட்டை

(சங்கரன்கோவில் பகுதி மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்குப் பிள்ளைகள் செல்போனில் ஆடுகிற விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "அதுக்கும் குழுவுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. நம் குழுக்களில் ஒன்று இதனால் உடையப் பார்த்தது.

நம் உறுப்பினர் ஒருவர், தறி வேலைக்குப் போகிறவர். பெயர் வேண்டாம். குழுவின் தவணைப் பணத்தை வாராவாரம் வசூலித்துத் தன் கணக்கில் போட்டு வைத்திருந்தார். மாதக் கடைசியில் வங்கிக்குப் போனால் 2,796 ரூபாய் குறைகிறது. "நான் தொடவே இல்லக்கா, கோமதி அம்மன் சத்தியமா" என்று அழுதார். யாரும் நம்பவில்லை. "எடுத்தா எடுத்தேன்னு சொல்ல வேண்டியதுதானே" என்று கூட்டத்திலேயே கேட்டு விட்டோம். அதை இப்போது நினைத்தாலும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தோம். 699 ரூபாய், வாரம் ஒரு தடவை, நான்கு தடவை போயிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனைக் கூப்பிட்டுக் கேட்டோம். பையன் நடுங்கிக்கொண்டே சொன்னான்: "ஸ்கின் வரையுத ஆப்பு. மூணு நாள் ஃப்ரீன்னு போட்டிருந்தது. ரெண்டாம் நாளே அழிச்சிட்டேன்."

இந்த ஸ்கின் என்பது என்ன? விளையாட்டில் ஓடுகிற பொம்மைக்குப் போடும் வேஷம். அம்மனுக்கு ஒரு நாள் சந்தனக்காப்பு, ஒரு நாள் பூ அலங்காரம் செய்கிறோம். அலங்காரம் மாறுகிறது, அம்மன் மாறுவதில்லை. அதுபோலத்தான் இதுவும். பெரும்பாலும் ஸ்கின் மாற்றினால் பொம்மைக்குப் பலம் கூடாது. பார்வைக்கு மட்டும்தான். ஆனாலும் கூட ஆடுகிற பிள்ளைகள் புது வேஷத்தில் வரும்போது நம் பிள்ளைக்கும் ஆசை வருகிறது. திருவிழாவுக்குப் புதுச்சட்டை கேட்பது மாதிரிதான்.

மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. அதில் நாமே ஸ்கின் வரையலாம். 64க்கு 64 கட்டம், மொத்தம் 4,096 கட்டம். முகத்துக்கு 8க்கு 8, நெஞ்சுக்கு 8க்கு 12, கைக்கு 4க்கு 12 என்று பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் கொடுக்க வேண்டும். தையல் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். முன்பக்கம், பின்பக்கம், கை என்று துணியை வெட்டி வைப்பது போலத்தான். சேலை பார்டருக்குக் கட்டத் தாளில் டிசைன் போடுகிறவர்களுக்கு இன்னும் லேசாகப் புரியும். ஆக, பிள்ளை செய்தது கெட்ட காரியம் இல்லை. அது ஒரு கைவேலை. காசு இல்லாமலே வரைவதற்கு வழிகளும் உண்டு.

எல்லா விளையாட்டிலும் இப்படி வரைய முடியாது. துப்பாக்கி விளையாட்டுகளில் ஸ்கின்னை அந்த விளையாட்டுக்குள்தான் வாங்க வேண்டும். "எல்லா ஸ்கின்னும் இலவசம், எங்கள் ஆப்பைப் போடு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதைப் போட்டால் பிள்ளையின் விளையாட்டுக் கணக்கை முடக்கி விடலாம். போனில் உள்ள ரகசியங்களும் திருட்டுப் போகலாம்.

ஏமாந்தது நாம் மட்டும் இல்லை. 2020 நவம்பரில் அவாஸ்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், மைன்கிராஃப்ட் பிள்ளைகளைக் குறிவைத்த 7 செயலிகளைக் கூகுள் பிளே ஸ்டோரிலேயே கண்டுபிடித்தது. ஸ்கின், வால்பேப்பர் தருகிறோம் என்று சொல்லி, 3 நாள் இலவசம் முடிந்ததும் வாரத்துக்கு 30 டாலர் வரை பிடித்தன. அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், தெரியாமல் பட்டனை அழுத்த வைத்துக் காசு பிடித்தது என்ற வழக்கில், 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. படித்த தாய் தகப்பனும் ஏமாந்த விஷயம்தான் இது.

சரி, பின் நம்பர் இல்லாமல் காசு எப்படிப் போனது? முதல் தடவை பின் நம்பர் கேட்டிருக்கிறது. பையனுக்கு அது தெரியும். ஏன் தெரியும்? "எலேய், கடைக்கு 200 ரூபா அனுப்பு" என்று நாம்தானே போனைக் கொடுத்து நம்பரையும் சொல்லித் தருகிறோம்! ஒரு தடவை சம்மதம் கொடுத்தால் அது 'ஆட்டோபே'. அதன் பிறகு 15,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காமலே தவணை போகும். ஆனால் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி அவர் போனுக்கு நாலு தடவையும் வந்திருந்தது. இங்கிலீஷில் வந்ததால் அவர் திறந்து பார்க்கவில்லை. நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் அனுப்பும் செயலியிலும் 'ஆட்டோபே' பகுதியைப் பார்த்து ரத்து செய்யுங்கள். காசு போன 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் கேட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. நம் சகோதரிக்குக் கடைசி 699 ரூபாய் அப்படித்தான் திரும்பி வந்தது. மற்ற மூன்றும் போனது போனதுதான். யாராவது மோசடி செய்து பணத்தை எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. காசு கட்டிக் காசு ஜெயிக்கும் விளையாட்டுகளைத்தான் அது தடை செய்கிறது. ஸ்கின் வரைகிற ஆப் அந்தக் கணக்கில் வராது. இதை நாம்தான் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழுவில் மீதி 2,097 ரூபாயை உள்கடனாக எழுதி வங்கித் தவணையைக் கட்டினோம். அதற்கும் முன்பாக, அந்தச் சகோதரியிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். காசு போனால் சம்பாதிக்கலாம். குழுவுக்கு அஸ்திவாரமே ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கைதான். பையனையும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடித்தால் அடுத்த தடவை மறைப்பான். கட்டத் தாள் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அம்மா நெய்த சேலை பார்டரைப் பொம்மைக்குச் சட்டையாகப் போட்டுக் கொண்டு வந்து காட்டினான். நன்றாகத்தான் இருந்தது.

கூட்டம் முடியுமுன் நான்கு தீர்மானம் எழுதுவோம். குழுப் பணம் தனிநபர் கணக்கில் தங்கக் கூடாது. பின் நம்பரை மாற்றி, போனில் பணம் அனுப்ப நாமே பழகுவோம். மாதம் ஒரு முறை பாஸ்புக்கையும் ஆட்டோபே பகுதியையும் குழுவிலேயே பார்ப்போம். பணம் குறைந்தால் ஆளைக் கேட்பதற்கு முன்னால் கணக்கைப் பார்ப்போம்.

போனைக் கையில் எடுங்கள். இப்போதே பார்த்துவிடுவோம். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுங்கள்.