மண்ணீரலைத் தொட்டுப் பாருங்கள்



கல்லீரல் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மண்ணீரலை யாரும் நினைப்பதில்லை. இடது பக்கம் கீழ் விலா எலும்புகள் மேல் கையை வையுங்கள். அதற்கு உள்ளே, இரைப்பைக்கு அருகில், அது இருக்கிறது. கை முட்டி அளவுதான்.

இரத்தத்துக்கு அது ஒரு சல்லடை. சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிர் வாழும். பிறகு கிழடு தட்டும். அந்த அணுக்களை மண்ணீரல் பிடித்து அழிக்கும். கிருமிகளையும் பிடிக்கும்.

மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் இந்தச் சல்லடை வீங்கும். வயிற்றில் கட்டி போலத் தட்டுப்படும். அதைத்தான் பழைய ஆட்கள் 'காய்ச்சல் கட்டி' என்றார்கள். ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அறிய, அந்தக் கால டாக்டர்கள் பிள்ளைகளின் வயிற்றைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

மலேரியா இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் குண்டலுபேட்டைப் பக்கம் கவனிக்க வேண்டிய நோய் இன்னொன்று உண்டு. இங்கிருந்து ஒரு சாலை பந்திப்பூர் காடு வழியாகக் கூடலூர், ஊட்டிப் பக்கம் போகிறது. இன்னொன்று வயநாட்டுக்குப் போகிறது. இந்தக் காடுகளை ஒட்டி வாழும் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் சோகை இருக்கிறது. நீலகிரியில் இதை 1952-லேயே கண்டறிந்தார்கள்.

இந்த நோயில் வட்டமான சிவப்பு அணு அரிவாள் போல வளைந்துவிடும். வளைந்த அணு சல்லடையில் சிக்கும். சிறு குழந்தைகளுக்குச் சில சமயம், சில மணி நேரத்திலேயே, ஏராளமான இரத்தம் மண்ணீரலில் தேங்கிவிடும். வயிறு உப்பும். உதடு வெளுக்கும். குழந்தை துவண்டுவிடும். உடனே இரத்தம் ஏற்றாவிட்டால் உயிரே போகலாம். திருஷ்டி என்று மந்திரிக்கப் போனால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும்.

ஜமைக்கா என்ற தீவு நாட்டிலும் இந்த நோய் உண்டு. அங்கே தாய்மார்களுக்கே மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். இதனால் சாவு வெகுவாகக் குறைந்தது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். விரல் போதும்.

நோய் உள்ள குழந்தையை மல்லாந்து படுக்க வையுங்கள். இடது விலாவுக்குக் கீழே விரல்களை மெதுவாக வையுங்கள். அழுத்தக் கூடாது. எங்கே தட்டுப்படும் என்று நர்சம்மா காட்டித் தருவார். தினமும் பாருங்கள். நேற்றைவிடப் பெரிதாக இருந்தால் நேராக ஆஸ்பத்திரிதான். காய்ச்சல் வந்தாலும் அப்படியே. பழுதான சல்லடையால் கிருமியைப் பிடிக்க முடியாது அல்லவா?

தாயும் தந்தையும் இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருக்கலாம். பார்த்தால் தெரியாது, திடமாகவே இருப்பார்கள். அப்படியானால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தே முதல் சோதனை செய்யலாம். 2023 ஜூலை 1-ல் மத்திய அரசு இதற்காக ஒரு திட்டம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்குச் சோதனை உண்டு. அங்கே தரும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள்.