அழுதால் இரக்கம், கேட்டால் குற்றம்

(எல்லைப் பகுதித் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



பெருந்தொற்றுக் காலத்தில் பாகுபாட்டை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோது ஊரும் உலகமும் அவர்களை எப்படிப் பார்த்தன என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். 2020 மே 25-ஆம் நாள் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை ஊன்றி ஒன்பது நிமிடத்துக்கு மேல் அழுத்தினார். அவர் இறந்துபோனார். அதன் பின் அந்நாடு முழுவதும் ஊர்வலங்கள் நடந்தன. உடனே எழுந்த கேள்வி என்ன தெரியுமா? "நோய் பரவும் நேரத்தில் கூட்டம் கூடலாமா?" அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஏப்ரல் 30 அன்று, ஊரடங்கு வேண்டாம் என்று சொல்லி மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு ஒரு கூட்டம் நுழைந்தது. அப்போது வாய் திறக்காத பலருக்கு ஜூன் மாதத்தில்தான் நோயின் நினைவு வந்தது. பொதுச் சுகாதாரத் துறையினர் 1,200 பேருக்கு மேல் கையெழுத்திட்டு, இனவெறியும் உயிரைக் கொல்லும் ஒரு நோய்தான், முகக்கவசத்தோடு அதை எதிர்ப்பவர்களைத் தடுக்காதீர்கள் என்று கடிதம் வெளியிட வேண்டியிருந்தது.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று கேட்கலாம். அதே ஆண்டில் அதே கேள்வி மூணாற்றில் நம் பெண்களைப் பார்த்தும் கேட்கப்பட்டது. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி. நயமக்காடு எஸ்டேட்டின் ஒரு டிவிஷன். மலை உடைந்து இறங்கி நான்கு லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. 66 உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் இன்றுவரை கிடைக்கவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட தாழ்த்தப்பட்ட மக்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை. இரவில் நடந்தது வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. உறவுக்காரர்கள் எல்லை தாண்டி வந்து முகம் பார்க்க வேண்டுமானால் பாஸ் வேண்டும். பெரிய பெரிய குழிகளாக வெட்டி வரிசையாக அடக்கம் செய்தார்கள்.

மறுநாள், ஆகஸ்ட் 7 இரவு, கரிப்பூரில் விமானம் விழுந்தது. அங்கேயும் உயிர்கள் போயின; நோய்ப் பயத்தை மறந்து ஓடிவந்து காயம்பட்டவர்களைத் தூக்கிய கொண்டோட்டி மக்களை நாம் கை கூப்பி வணங்குகிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 8-ஆம் தேதியே முதலமைச்சரும் ஆளுநரும் கரிப்பூரில் இருந்தார்கள். பெட்டிமுடிக்கு அவர்கள் வந்தது 13-ஆம் தேதி. மாநில அரசு அறிவித்த நிதி விமானத்தில் இறந்தவருக்குப் பத்து லட்சம், லயத்தில் இறந்தவருக்கு ஐந்து லட்சம். இது முதல் கட்ட உதவிதான், இன்னும் செய்வோம் என்று விளக்கம் வந்தது. வானிலை சரியில்லை என்றும் சொன்னார்கள். மழை கொட்டியது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஐந்துக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் எந்த மழையால் வந்தது?

இதைத்தான் பெம்பிளை ஒருமையின் தலைவி கோமதி கேட்டார். 13-ஆம் தேதி முதலமைச்சர் மூணாறு வந்தபோது, தொழிலாளிக்கு நிலமும் வீடும் வேண்டும் என்று வழிமறிக்கப் போனார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவ்வளவுதான் நடந்தது. அதன் பிறகு வந்த பேச்சைத்தான் நாம் பேச வேண்டும். "சாவு வீட்டில் அரசியலா?" "நோய்க் காலத்தில் கலாட்டாவா?" "யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள்." "இத்தனை செய்தும் நன்றி இல்லாதவர்கள், ஊருக்குப் போகட்டும்." கடைத் திண்ணையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நம் காதுபடவே பேசினார்கள். அந்த வசந்த காலத்தில் கேரளம் நோயை அடக்கிய விதத்தை உலகமே புகழ்ந்திருந்தது. அந்தப் புகழில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் புகழ் வந்த பிறகு, குறை சொல்பவன் எவனும் நாட்டின் பெயரைக் கெடுப்பவன் ஆகிவிட்டான்.

இரக்கமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். தீயணைப்புப் படையினரும் வனத்துறையினரும் மூணாற்று இளைஞர்களும் சேற்றில் இறங்கித் தேடினார்கள். அவர்கள் நாள் கணக்கில் பட்ட பாடு நமக்குத் தெரியும். குவி என்ற நாயை நினைத்துப் பாருங்கள். தன்னோடு விளையாடிய குழந்தையைத் தேடித் திரிந்து உடல் கிடந்த இடத்தைக் காட்டிய நாய். பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. நாடே கண் கலங்கியது. போலீஸ் நாய்ப் படை அதை எடுத்து வளர்த்தது. நல்ல காரியம். ஆனால் தோழர்களே, அந்த நாய் ஐந்து லட்சம் ஏன் என்று கேட்கவில்லை. பட்டா கேட்கவில்லை. கேட்ட பெண்ணைத்தான் வண்டியில் ஏற்றினார்கள்.

அழுகிற தமிழச்சியை எல்லோருக்கும் பிடிக்கும். கேட்கிற தமிழச்சியைப் பிடிக்காது. இது 2020-இல் தொடங்கியதல்ல. 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருபது சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மூணாறில் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போதும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றுதான் தேடினார்கள். 2017 ஏப்ரலில் அன்றைய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி அந்தப் பெண்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு மூணாறு நடுத்தெருவில் அவர்கள் பட்டினி கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நோய்க் காலம் என்று சொன்னார்களே, நம்மை யார் வீட்டில் இருக்கவிட்டார்கள்? 2020 ஏப்ரல் 20 முதல், பாதி ஆட்களை வைத்துத் தேயிலைத் தோட்டங்களை நடத்தலாம் என்று மத்திய அரசே தளர்வு கொடுத்தது. கொழுந்து முற்றிவிடும், காத்திருக்காது என்பது காரணம். சரி. மலைச்சரிவில் சேர்ந்து நின்று கிள்ளினால் தொற்றாத நோய், சேர்ந்து நின்று கேள்வி கேட்டால் மட்டும் தொற்றுமா? ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு வராந்தா உள்ள லயத்தில் ஆறு பேர் படுத்துக்கொண்டு விலகி இருப்பது எப்படி என்று அப்போது யாரும் வந்து சொல்லித் தரவில்லை.

இதை இனவெறி என்று சொல்லலாமா என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். நிறம் ஒன்றுதானே என்கிறார்கள். ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2002-இலேயே, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று சொல்லிவிட்டது. பெயர் எதுவாகவும் இருக்கட்டும். பாட்டன் காலத்திலிருந்து இங்கே உழைத்தும் சாதிச் சான்றிதழுக்குப் போனால் 1950-க்கு முந்தைய காகிதம் கேட்கிறார்கள். எஸ்டேட் ரெக்கார்டில் பேர் இல்லாத தாத்தாவுக்கு நாம் எங்கே போய்க் காகிதம் வாங்குவது?

பாலக்காட்டுத் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தையும் பேசாமல் போனால் நேர்மையாகாது. முதலமடைப் பஞ்சாயத்தில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், சக்கிலியர் மக்களுக்குத் தண்ணீரில் பாகுபாடு, டீக்கடையில் பாகுபாடு என்ற செய்தி 2017-இல் வெளியே வந்தது. அந்த மக்கள் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களைத் தள்ளி நிறுத்திய மேல்சாதியினரும் தமிழ் பேசுகிறவர்கள்தான்! அங்கேயும் முறையிட்டவர்களைப் பார்த்து, இங்கே தீண்டாமையே இல்லை, அரசியல் செய்கிறார்கள் என்றார்கள். மூணாறில் மலையாளத்தில் வந்த அதே பதில் கோவிந்தாபுரத்தில் தமிழில் வந்தது. ஆகவே 'தமிழினமே பொங்கி எழு' என்று மேற்கே பார்த்து மட்டும் கூவுகிறவர்கள் நம் மேடைக்கு வேண்டாம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு மூண்டபோது தேனியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வந்த பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போடிக்கு ஓடினார்கள். அங்கே சென்னையில் ஒருவர் வீராவேசமாகப் பேசினால் இங்கே உடும்பஞ்சோலையில் அடி விழும். மொழிப் பகைக்குக் கூலி கொடுப்பவர்கள் எல்லையில் இருக்கும் நாம்தான்.

பெட்டிமுடிக்குப் பிறகு குற்றியார்வேலியில் எட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அரசு நிலம் கொடுத்தது, கம்பெனி கட்டியது. வரவேற்கிறோம். 1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசு சட்டம் போட்டு மீட்டது, பகிர்ந்து கொடுப்பதற்காக. அந்த மலையில் உழைத்து ஓய்வு பெறுகிறவன் இன்றும் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். 2019-இல் புத்துமலை, 2020-இல் பெட்டிமுடி, 2024-இல் முண்டக்கை, சூரல்மலை. தோட்டத்து மலைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்தது எந்த டிவிஷன் என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

கூட்டம் முடிந்ததும் வாசலில் தாள்கள் கொடுப்பார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாள். அதில் நான்கு கேள்விகள்தான் இருக்கின்றன. எத்தனை குடும்பம்? பின்பக்க மேடு எத்தனை அடி தூரம்? இரவில் போன் எடுக்குமா? ஓய்வு பெற்றவர் யாராவது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியிருக்கிறாரா? எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஜூன் மழைக்கு முன்னால் எல்லாத் தாளும் கைக்கு வந்துவிட வேண்டும். மாவட்டக் கலெக்டரிடம் தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்தே கொடுக்கப் போகிறோம்.