மரக்காணத்திலிருந்து மயிலாப்பூருக்குப் படகில்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அந்தக் காலப் படகுப் பயணம் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டபோது பக்கத்திலிருந்த நண்பர் சிரித்துவிட்டார். "விழுப்புரத்துக்காரனுக்கு ரயில் தெரியும், திண்டிவனத்துக்காரனுக்கு பஸ் தெரியும், படகு ஏதய்யா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. பெண்ணையாற்றிலும் சங்கராபரணியிலும் மழைக்காலம் போனால் மணல்தானே!

ஆனால் ஆந்திராவில் பெத்தகஞ்சாமில் தொடங்கி, சென்னையைக் கடந்து, சுமார் 420 கிலோ மீட்டர் வரும் பக்கிங்காம் கால்வாய் எங்கே முடிகிறது? நம்ம மரக்காணத்தில். அன்றைக்கு அது தென்னாற்காடு மாவட்டம், திண்டிவனம் தாலுகா. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள் தமிழாசிரியர்கள். அதே நூலின் நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில், திண்டிவனம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

என் தாய்மாமன் சவுக்கு விறகு ஏற்றிப் போகும் படகில் வேலை பார்த்தவர். 1961 கோடை லீவில் என்னையும் கூட்டிப்போனார். எனக்கு வயது பத்து. மரக்காணத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் வழி ஏறக்குறைய 110 கிலோ மீட்டர். நாலாம் நாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தோம். லாரியில் போனால் அரை நாள்!

காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் இரண்டு பேர் கரையில் இறங்கி, தோளில் துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் கயிற்றை வைத்து இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஒருவர் படகில் நின்று மூங்கில் கழி ஊன்றுவார். சுமை ஏற்றிய படகு முதலில் நகருவதுதான் கஷ்டம். நகர்ந்துவிட்டால் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். மாமாவின் தோளில் கயிறு பட்ட இடம் செருப்புத் தோல் மாதிரி காய்த்துப்போயிருந்தது. "தொட்டுப் பாருடா" என்பார். நான் பயந்து தொடமாட்டேன்.

கடப்பாக்கம் பக்கம் வரும்போது ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் தெரிந்தன. அதற்கு மேல்தான் பாலாறு. ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கால்வாய் அதைக் கடக்கிறது. அங்கே கயிறு கட்டி இழுக்கக் கரை ஏது? கடல் தண்ணி ஏறி நிற்கும் நேரம் பார்த்துப் பாயும் கழியுமாகத் தாண்ட வேண்டும். வத்தத்தில் இறங்கினால் மணலில் தட்டிவிடும். அன்றைக்கு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்தோம். விறகின் மேல் சாக்கு விரித்துப் படுத்தேன். கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும்தான் சாப்பாடு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பிறகு சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம். கடைசியில் மயிலாப்பூர் தண்ணித்துறை. அந்த மார்க்கெட்டுக்குப் பெயர் வந்ததே படகுகள் வந்து நின்றதால்தான். இந்த வழியில் மாமல்லபுரம் போன அனுபவத்தைத்தான் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். அவர் பயணியாகப் போனவர். கயிறு இழுத்தவன் பாட்டு எழுதவில்லை.

தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில்தான் சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோ மீட்டர் வெட்டப்பட்டது. பஞ்ச நிவாரண வேலை என்று பெயர். அந்தப் பஞ்சத்தில் 1877 தொடக்கத்தில் ஆண் ஒருவனுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார்கள். பசித்த வயிறுகள் வெட்டிய கால்வாய்க்கு கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்!

லாரி வந்ததும் சரக்கு குறைந்தது. 1960களிலும் 1976லும் அடித்த புயல்களில் கால்வாய் தூர்ந்துபோனது. 1990களில் சென்னையில் பறக்கும் ரயிலுக்குக் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டார்கள். அதில் எனக்கு இன்றும் கோபம்தான். 2004 சுனாமியில் இதே கால்வாய் பல இடங்களில் பொங்கி வந்த தண்ணியை வாங்கிக்கொண்டது. 2008ல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். அறிவிப்பைக் கேட்டு மாமா, "பேர் வெச்சா படகு போயிடுமா?" என்றார். அவரும் இப்போது இல்லை.

கழி ஊன்றியவர்கள், விறகு ஏற்றியவர்கள் என்று மரக்காணம் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எண்பதுக்கு மேல். வரலாற்றுத் துறை மாணவர்கள் பத்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். டேப் ரெக்கார்டர் தேடவேண்டாம், கையிலிருக்கும் போனே போதும். பாய்க்கு என்ன துணி, ஒரு நடைக்கு எவ்வளவு கூலி, பாலாற்றில் எந்தத் திதியில் தண்ணி ஏறும், இழுக்கும்போது என்ன பாடினார்கள், இதையெல்லாம் கேளுங்கள். திண்டிவனத்தில் காலையிலேயே பஸ் ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் உப்பளத்துப் பக்கம் நிற்கமுடியாது. நானும் கூட வருகிறேன்.