வீட்டு உறுதியும் திருமணப் பதிவேடும்



மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடர்ந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாக அமைந்துள்ள எமது முஸ்லிம் ஊர்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. இங்கே ‘குடி’ என்பது தாய்வழியே வருவது. மணம் முடித்த ஆண்மகன் மனைவியின் இல்லத்திற்குச் சென்று வாழ்கின்றான். அவ்வீடும் பெரும்பாலும் அவள் பெயரிலேயே எழுதப்படுகின்றது. அயலிலுள்ள தமிழ் மக்களோடு நாம் நெடுங்காலமாகப் பகிர்ந்துவரும் வழக்கம் இது.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பில் என்னிடம் கற்று, பரீட்சைக்கு முன்னரே நின்றுவிட்ட மாணவி ஒருத்தி விடுகைப் பத்திரம் பெற வந்தாள். அவளுக்கு மணமாகிவிட்டிருந்தது. “உங்க சம்மதத்தக் கேட்டாங்களா, மகள்?” என்றேன். “வீட்டு உறுதியில கையெழுத்து வெக்கச் சொன்னாங்க, வெச்சேன் சேர். காவின்ல வாப்பாதான் வெச்சார்” என்றாள். அவள் முறையிடவில்லை, கேட்டதற்கு விடை சொன்னாள், அவ்வளவே. எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் வேண்டப்படும் ஒப்பம், வாழ்நாள் முழுமைக்குமான உடன்படிக்கைக்கு வேண்டாமற் போனது எவ்வாறு?

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகனும் மணமகளின் வலியும் ஒப்பமிட வகைசெய்தது. மணமகளின் ஒப்பத்தை வேண்டவில்லை. காதியாக ஆண் ஒருவரே நியமிக்கப்படலாம் என்றும் விதித்தது. ஏனைய சமூகத்தாரின் திருமண வயது 1995இல் பதினெட்டாக உயர்த்தப்பட்டபோதும், எமது பெண்பிள்ளைகள் அதற்குப் புறம்பாகவே நின்றனர்.

மார்க்கம் இவ்வாறு பணிக்கின்றதா? திருமணம் ஓர் ஒப்பந்தம் என்பதும், மஹர் பெண்ணுக்கே உரியது என்பதும் நாமறிந்தவை. கன்ஸா என்னும் பெண்மணியை அவர்தம் தந்தையார் விருப்பமின்றி மணமுடித்து வைத்தபோது, நபி பெருமானார் அம்மணத்தைச் செல்லாததாக்கினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. ஆகவே, மணமகளின் ஒப்பத்தைக் கேட்பவர் மார்க்கத்திற்கு மாறாக எதனையும் கேட்டாரல்லர்.

இனி மறுபுறத்தையும் நோக்குவோம். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த கொடிய குண்டுத் தாக்குதல்களின் பின், அவசரகால விதியொன்று முகத்தை மூடுவதைத் தடைசெய்தது. அவ்விதி தலையை மறைக்கும் துணியைத் தடுக்கவில்லை. ஆயினும் அலுவலகங்கள் சிலவற்றின் வாயிலில் எம் பெண்கள் தலைத்துணியையும் அகற்றும்படி பணிக்கப்பட்டனர். 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து மன்றில் தோன்றுவதற்கு நீதியரசர் தடைகூறியபோது, முஸ்லிம்கள் மருதானையில் திரண்டு கண்டனம் தெரிவித்தனர். ஆணின் தொப்பிக்காக எழுந்த குரல் பெண்ணின் முக்காட்டிற்காகவும் எழுதல் வேண்டும். முக்காட்டை அணிவதும் அணியாமல் விடுவதும் அவளது மனச்சான்றைச் சார்ந்தவை. அதில் அதிகாரிக்கும் இடமில்லை, அயலாருக்கும் இடமில்லை.

“சிறுபான்மையினர் அஞ்சி வாழும் காலத்தில் எமது சட்டத்தை நாமே தொட்டால், அனைத்தையும் பறித்துவிடுவார்களே” என்பர் சிலர். அவ்வச்சம் வீணான அச்சமன்று. கொவிட் நோயால் இறந்தோரை அடக்கஞ்செய்ய அனுமதியின்றி, 2021 பெப்ரவரி வரை எம்மவர் உடல்களும் எரிக்கப்பட்டதை எங்ஙனம் மறப்போம்? எனினும், பிறர் எமக்கிழைத்த அநீதியைச் சுட்டி, எம் புதல்வியருக்கு நாம் இழைப்பதை நியாயப்படுத்தல் தகுமா? வீட்டின் ஓட்டையை வீட்டாரே அடைத்தால், வெளியார் ஏணி கொண்டுவரக் காரணமிராது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 10ஆம் உறுப்புரையில் மதச் சுதந்திரத்தையும், 12ஆம் உறுப்புரையில் சமத்துவத்தையும் உறுதிசெய்கின்றது. ஆனால் 16ஆம் உறுப்புரையோ, முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் வலுவுடையன என்கின்றது. எனவே இக்குறை நீதிமன்றத்தால் அன்று, பாராளுமன்றத்தாலேயே தீரவேண்டியது. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு, 2018இலேதான், அதுவும் இரு பிரிவாய் நின்று, தன் அறிக்கையை அளித்தது. இதற்கிடையில் எத்தனை பெண்பிள்ளைகள் என் வகுப்பறைகளைக் கடந்து சென்றுவிட்டனர்!

சட்டம் மாறும்வரை நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. தந்தையர் மகளைத் தனியே அழைத்துக் கேட்கலாம். அவள் மறுமொழி கூற அவகாசம் அளிக்கலாம். பள்ளிவாசல்களின் மரைக்காயர்மார், மணமகளின் சம்மதத்தை அவள் கைப்பட எழுதி வாங்கும் வழக்கத்தைத் தம் ஊர்களில் தொடங்கலாம். இதனை எச்சட்டமும் தடுக்கவில்லை.

விடுகைப் பத்திரம் பெற்றுக்கொண்ட அம்மாணவி, பாடசாலைப் பதிவேட்டில் ஒப்பமிட்டுச் சென்றாள். தெளிவான, அழகிய கையெழுத்து. அதை எழுதக் கற்பித்தவர்கள் நாம். அது எங்கு இடம்பெற வேண்டுமோ அங்கு இடம்பெறச் செய்வதும் எமது கடமையன்றோ?