குன்னூரில் வாழ்ந்த படைத்தலைவர்

(சுதந்திர தினத்தன்று பள்ளிவாசல் வளாகத்தில் கொடியேற்றியபின் நம் இமாம் ஆற்றிய உரை)

 

சில ஆண்டுகளுக்கு முன்னர், முதல் ஸஃப்பில் நாள்தோறும் தொழுதுவந்த முதியவர் ஒருவரின் ஜனாஸாவை நாம் அடக்கம் செய்தோம். மறுநாள் அவருடைய பேரன் ஒரு தகரப்பெட்டியைக் கொணர்ந்து திறந்து காட்டினார். உள்ளே இரண்டு பதக்கங்களும் படைப்பணிச் சான்றும் இருந்தன. நம் பின்னே நின்று அத்தனை ஆண்டுகள் தொழுதவர் போர்முனை கண்டவர் என்பதை நாம் ஒருநாளும் கேட்டறியவில்லை. அந்த வெட்கம் இன்னும் நம்மைவிட்டு அகலவில்லை. அதனாலேயே இன்று ஒரு முதிய படைவீரரைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

அவர் பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா. 1914இல் அமிர்தசரஸில் பிறந்து, நம் மாநிலத்தின் குன்னூரில் முதுமையைக் கழித்தவர். பார்சி சமயத்தவர். நம் மார்க்கத்தவரல்லாத ஒருவரைப் பற்றி இங்கு ஏன் பேசவேண்டும் என்று எவரேனும் எண்ணினால், சற்றுப் பொறுத்தருள்க.

1942 பிப்ரவரியில் பர்மாவின் சிட்டாங் பாலத்தருகே இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன. அவர் பிழைக்கமாட்டார் என்றெண்ணிய தளபதி கோவன், அக்காலத்தில் இறந்தோர்க்கு மிலிட்டரி கிராஸ் வழங்கப்படாததால், தம் மார்பிலிருந்த பதக்கத்தையே கழற்றி அவருக்கு அணிவித்தார். ஆயினும் ஷேர் சிங் என்னும் சிப்பாய் அவரைச் சுமந்து சென்று மருத்துவரிடம் சேர்த்தார். இறைவன் நாடினான், அதன்பின் 66 ஆண்டுகள் வாழ்ந்தார். வரலாறு தளபதியின் பதக்கத்தைப் பெரிதாகப் பேசுகிறது. நமக்கோ சுமந்து சென்ற அச்சிப்பாயின் தோள்களே பெரிதாகத் தோன்றுகின்றன.

1971இல் அவர் தரைப்படைத் தலைமைத் தளபதி. போருக்கு உடனே புறப்பட இயலாது, ஆயத்தத்திற்கு அவகாசம் வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரிடமே ஒளிவின்றி உரைத்தார். டிசம்பரில் மூண்ட போர் 13 நாள்களில் முடிந்தது, பங்களாதேஷ் பிறந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர்.

நாம் சொல்லவந்த செய்தி இங்குதான் உள்ளது. அக்கைதிகளுக்குத் திருக்குர்ஆன் பிரதிகள் கிடைக்கவும், பெருநாள்கள் கொண்டாடவும், வீட்டாரின் கடிதங்கள் வந்துசேரவும் அவர் ஏற்பாடு செய்தார். துணை அலுவலர் ஒருவரை மட்டும் உடனழைத்துக்கொண்டு முகாமிற்குச் சென்று, அவர்களோடு தேநீர் அருந்தியவாறு உரையாடினார். பத்ருக் களத்தில் பிடிபட்டவர்களுக்கு ரொட்டியை அளித்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழத்தை உண்டு அமைந்த ஸஹாபாக்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவில் ஓதுகின்றனர். தோற்றவனின் மானத்தைக் காத்த அப்பண்பை நம் காலத்தில், நம் நாட்டுத் தளபதியொருவரிடம் கண்டோம். அதனாலேயே அவர் பெயர் இவ்வளாகத்தில் ஒலிக்கிறது.

1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் ஆனார்; இந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அதே மாதம் பணியிலிருந்து விலகி, மனைவி சில்லூ அம்மையாருடன் குன்னூரில் குடியமர்ந்தார். 1939இல் மணந்த அவ்வம்மையார் 2001இல் மறையும்வரை இல்லறம் நீடித்தது. இரு பெண்மக்கள், பேரப்பிள்ளைகளும் உண்டு. பீல்டு மார்ஷல் என்பவர் ஆயுள் முழுதும் பணியில் உள்ளவராகவே கருதப்படுவார். ஆயினும் அதற்குரிய ஊதிய நிலுவை, ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, 2007இல்தான் அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 93. அவ்வாண்டில்தான் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்குச் சென்று அவரை நலம் விசாரித்தார்.

2008 ஜூன் 27 அன்று அதே மருத்துவமனையில் அவர் மறைந்தார். இறுதிச் சடங்கிற்கு அன்றைய குடியரசுத் தலைவரோ பிரதமரோ நேரில் வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கப்படவில்லை. உதகையிலுள்ள பார்சி அடக்கத்தலத்தில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். நாட்டையே தலைநிமிரச் செய்தவருக்கே இந்நிலையென்றால், தகரப்பெட்டியோடு வாழ்ந்து மறைந்த நம் பெரியவரை ஊர் அறியாமற்போனதில் வியப்பென்ன? எனினும் அரசின்மீது குறைசொல்ல நமக்கு வாய் எழவில்லை. அவர் நம் முதல் ஸஃப்பிலேயே இருந்தாரல்லவா?

நம் மஹல்லாவில் படைப்பணி முடித்த பெரியவர்கள் இன்னும் உள்ளனர். அவர்களில் ஒருவர்தாம் சற்றுமுன் கொடியேற்றினார். ஏற்றியவுடன் தேநீர்கூட அருந்தாமல் கடைசி வரிசையில் போய் அமர்ந்துவிட்டார். உரை முடிந்ததும் நாம் அவரருகில் சென்று அமரவிருக்கின்றோம். மதரஸா மாணவர்களும் குறிப்பேட்டுடன் வரலாம்.