சிறைக்குள் கிடப்பவரின் கணக்கை யார் கேட்பது?

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உங்களில் பலர் கடை வைத்திருப்பவர்கள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் சரக்கை ஒருவருடைய கிட்டங்கியில் அமானிதமாக வைக்கிறீர்கள். ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்கிறீர்கள். "இன்னும் முடிவாகவில்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்கிறார். அடுத்த மாதம் போனாலும் அதே பதில். சும்மா விடுவீர்களா? ஒரு மூட்டை அரிசிக்குக் கணக்குக் கேட்கிற நாம், ஒரு மனிதனின் ஐந்து வருட வாழ்வுக்குக் கணக்குக் கேட்டிருக்கிறோமா? சிறைவாசி என்பவன் அரசாங்கத்தின் கையில் இருக்கும் அமானிதம் அல்லவா?

அரசாங்கமே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது 100க்கு ஏறத்தாழ 76 பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள்! 100 பேருக்கான இடத்தில் 131 பேரை அடைத்து வைத்திருந்தார்கள்.

நம் சமுதாயத்தின் பங்கு என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். 2015ஆம் ஆண்டின் சிறைக் கணக்கில் தண்டனை பெற்றவர்களில் முஸ்லிம்கள் 15.8 சதவீதம்; விசாரணைக் கைதிகளிலோ 20.9 சதவீதம்! தண்டனைக் கணக்கில் ஒரு விகிதம், விசாரணைக் கணக்கில் அதைவிடப் பெரிய விகிதம். இந்த இடைவெளிக்குக் காரணம் என்ன என்று ஆட்சியாளர்களைக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குற்றம் செய்தவனை விட்டுவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்பாவி மக்களைக் கொன்றவன் எந்தப் பெயர் வைத்திருந்தாலும் அவன் குற்றவாளியே. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டு வைத்துப் பொதுமக்களைக் கொன்ற செயலை மார்க்கம் ஒருபோதும் ஏற்காது. நாம் கேட்பது, விசாரியுங்கள், விரைவாக விசாரியுங்கள், எல்லோரையும் ஒரே தராசில் நிறுங்கள் என்பதுதான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று திருக்குர்ஆன் (5:8) நமக்கு இட்டிருக்கும் கட்டளையும் இதுதான்.

யூசுப் நபி கற்றுத் தரும் பாடம்

சிறையைப் பற்றிப் பேச வந்தால் யூசுப் (அலை) அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. அவர்கள் நிரபராதி என்பதற்கான சான்றுகளைக் கண்ட பிறகும் ஆட்சியாளர்கள் அவர்களைச் சிறையில் தள்ளினார்கள் (12:35). உடனிருந்த கைதி ஒருவர் விடுதலையாகிப் போனார். "உம் எஜமானனிடம் என்னைப் பற்றிச் சொல்லும்" என்ற பொருளில் யூசுப் (அலை) அவரிடம் கேட்டிருந்தார்கள். போனவர் மறந்துவிட்டார். ஒருவரின் மறதியால் ஒரு நபி இன்னும் சில ஆண்டுகள் சிறையில் கிடந்தார்கள் (12:42). சகோதரர்களே! வெளியே இருக்கும் நாம் அந்த மறந்துபோனவரின் இடத்தில்தான் இருக்கிறோம்.

பிறகு மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறான். கதவு திறந்துவிட்டது. யூசுப் (அலை) ஓடி வந்தார்களா? இல்லை! அந்தப் பெண்களின் விஷயம் என்னவென்று முதலில் விசாரிக்கட்டும் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார்கள் (12:50). தயவில் கிடைக்கும் விடுதலையைவிட, விசாரணையில் வெளிப்படும் உண்மையை அவர்கள் பெரிதாகக் கருதினார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மதீனாவில் சிறைக் கட்டிடம் இருக்கவில்லை. யமாமாவின் தலைவர் துமாமா பிடிபட்டபோது அவரைப் பள்ளிவாசல் தூணில்தான் கட்டினார்கள். ஆட்சித் தலைவரான நபியவர்கள் மூன்று நாட்களும் அவரிடம் நேரில் போய் நிலையைக் கேட்டார்கள், பிறகு விடுவித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. ஊரார் அனைவரும் பார்க்கும் இடத்தில் கைதி இருந்தார். இன்றோ உயர்ந்த மதிலுக்கு அப்பால் நடப்பது நமக்கும் தெரிவதில்லை, ஆட்சியில் இருப்பவரும் போய்ப் பார்ப்பதில்லை!

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் அபூயூசுப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிக் கொடுத்த 'கிதாபுல் கராஜ்' நூலில் சிறைவாசிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கைதிகளைச் சங்கிலியோடு தெருவில் பிச்சை எடுக்க விடாதீர்கள். பைத்துல்மாலிலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை கொடுங்கள். கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடை கொடுங்கள். அவர்களின் வழக்குகளை அதிகாரிகள் அன்றாடம் பார்த்து, வழக்கு இல்லாதவரை விட்டுவிடச் செய்யுங்கள். இப்படியெல்லாம் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்சியாளருக்கு அறிவுறுத்தினார் ஓர் ஆலிம்.

இழந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

கேரளத்தின் அப்துல் நாசர் மதானி 1998 மார்ச்சில் கைதானார். கோவை வழக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் விசாரணைக் கைதியாகவே கிடந்தார். 2007 ஆகஸ்ட் 1 அன்று அந்த வழக்கில் அவர் குற்றமற்றவர் என்று கோவைத் தனி நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஒன்பது ஆண்டுகளை எந்தக் கஜானாவிலிருந்து எடுத்துத் திருப்பித் தருவார்கள்?

குஜராத் அக்ஷர்தாம் வழக்கில் ஆறு பேரை 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் மூவர் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தவர்கள். அந்த மூவரில் ஒருவர் முஃப்தி. பத்து ஆண்டுகளுக்கு மேல் போனதற்கு இழப்பீடு கேட்டார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் 12 பேரின் தண்டனையை 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 19 ஆண்டுகள்! அந்தப் பன்னிருவரில் ஒருவர் தீர்ப்பு வரும் முன்பே கைதியாகவே இறந்து போயிருந்தார். மாநில அரசு மேல்முறையீடு செய்தது; ஆயினும் விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்ப உச்ச நீதிமன்றம் உத்தரவிடவில்லை.

குண்டுவெடிப்பில் தன் மகனைப் பறிகொடுத்த தாயின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். தவறான ஆளைப் பிடித்து வைத்தால் உண்மையான குற்றவாளி வெளியே திரிவான். பொய் வழக்கு நமக்கு மட்டுமா அநீதி? பலியானவர்களுக்கும் அது அநீதிதான்.

சட்டம் இருக்கிறது, கேட்பார் இல்லை

பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது. பெண் வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி அதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையைவிடக் கூடுதலான காலம் உள்ளே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கின் பெயர் என்ன தெரியுமா? ஹுசைனாரா காத்தூன் வழக்கு! ஒரு முஸ்லிம் பெண் கைதியின் பெயரால்தான் இந்த நாட்டின் எல்லா மதத்து ஏழைக் கைதிகளுக்கும் உரிமை கிடைத்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகக் கழித்தவருக்கு ஜாமீன். முதல்முறை வழக்கில் சிக்கியவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊபா வழக்காகவே இருந்தாலும், விசாரணை முடிவின்றி நீண்டால் அரசியல் சட்டத்தின்படி ஜாமீன் தரலாம் என்று 2021இல் நஜீப் வழக்கில் தீர்ப்பும் வந்திருக்கிறது.

சிறைத்துறை மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. "டெல்லிதான் காரணம்" என்று சென்னை கைகழுவ முடியாது. கண்காணிப்பாளர் எத்தனை பேருக்காக எழுதினார், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

சிறையில் ஒரு கல்விக்கூடம்

பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் பிணைத்தொகை கட்ட இயலாதவர்கள், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்து விடுதலை பெற்றார்கள். கைதியையும் கல்வியையும் இணைத்த மார்க்கம் நம்முடையது! ஹனஃபி மத்ஹபின் மாபெரும் நூலான 'அல்மப்ஸூத்'தை இமாம் ஸரக்ஸீ (ரஹ்) பாதாளச் சிறையில் இருந்தபடி சொல்லச் சொல்ல, மேலே அமர்ந்து மாணவர்கள் எழுதினார்கள்.

நம் காலத்திலும் சான்று உண்டு. பேரறிவாளன் வேலூர் சிறையிலிருந்து 2012இல் பிளஸ் டூ எழுதி 1,200க்கு 1,096 மதிப்பெண் எடுத்தார். 2022 மே 18 அன்று அவரை விடுவித்தபோது, சிறையில் அவர் பெற்ற கல்வியையும் உச்ச நீதிமன்றம் கருத்தில் கொண்டது. மும்பை ரயில் வழக்கில் 2015இல் விடுதலையான பள்ளி ஆசிரியர் ஒருவர் சிறைக்குள்ளேயே சட்டம் படித்தார். இக்னோ பல்கலைக்கழகம் சிறைவாசிகளுக்குக் கட்டணம் இல்லாமல் பாடம் நடத்துகிறது. ஆனால் விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் மீதுள்ள குற்றப்பத்திரிகையைத் தானே வாசிக்க முடியாதவன் எப்படித் தன் வழக்கை நடத்துவான்? தமிழ்நாட்டின் ஒன்பது மத்தியச் சிறைகளிலும் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று அரசு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கட்டும்.

முன்விடுதலையில் இரண்டு தராசா?

அண்ணாவின் 113ஆவது பிறந்த நாளையொட்டி, நீண்டகாலம் சிறையில் இருந்த 700 ஆயுள் கைதிகளை விடுவிக்க 2021இல் தமிழக அரசு ஆணையிட்டது. மத மோதல் வழக்குகளில் உள்ளவர்களுக்கு அந்த வாசல் அடைக்கப்பட்டது. கொலை வழக்கு என்றால் வரலாம், இன்ன வகைக் கொலை வழக்கு என்றால் வரக்கூடாது! ஒருவர் திருந்திவிட்டாரா, நோயாளியா, முதியவரா என்று ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல் வழக்கின் வகையைப் பார்த்துக் கதவை மூடுவது எப்படி நீதியாகும்?

பின்பு ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் குழு அமைத்தார்கள். 49 பேரின் கோப்பு 2023 ஆகஸ்டில் ஆளுநருக்கு அனுப்பப்பட்டது என்றும், அவர்களில் 20 பேர் முஸ்லிம்கள் என்றும் முதலமைச்சர் என்ற முறையில் மு.க.ஸ்டாலின் 2023 அக்டோபரில் சட்டமன்றத்தில் கூறினார். அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும், காரணமின்றிக் காலம் கடத்துவதை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்பது பேரறிவாளன் வழக்கின் தீர்ப்பு. ஆளுநரிடமும் கேட்போம், அனுப்பிவிட்டோம் என்று சொல்லி ஒதுங்கும் ஆட்சியாளரிடமும் கேட்போம். தேர்தல் நேரத்தில் மட்டும் தொப்பி அணிந்து கஞ்சி குடிக்க வருபவர்களிடம் முதலில் கேளுங்கள்!

நாம் செய்ய வேண்டியவை

கோஷம் போட்டுக் கலைந்துவிட்டால் போதாது. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பேரேடு போடட்டும். நம் ஊரிலிருந்து சிறையில் இருப்பவர் யார், வழக்கு எண் என்ன, பிரிவு என்ன, கைதான தேதி என்ன, அதிகபட்சத் தண்டனை எவ்வளவு, வழக்கறிஞர் யார், அடுத்த வாய்தா என்று? கணக்கில் கைதேர்ந்த வணிகர்களுக்கு இது ஒரு நாள் வேலை. மாற்று மதத்து ஏழை இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

இளைஞர்களே! தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாயில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரத்தில். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்டம்தோறும் மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. உங்கள் பேரேட்டின் நகலை அதற்கு அனுப்புங்கள்.

ஜாமீன் கிடைத்தும் பணமும் ஆளும் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் தர மத்திய அரசு 2023இல் திட்டம் வகுத்தது. அதைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காத இடத்தில் நம் வணிகர்கள் ஸதகாவைத் திறக்கட்டும். அடிமைத் தளை அறுப்பதற்கும் கடனில் மூழ்கியவரை மீட்பதற்கும் ஸகாத்தில் இறைவன் பங்கு வைத்திருக்கிறான் (9:60). உங்கள் ஊர் ஆலிம்களிடம் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நம் மதரஸாக்களில் ஓதி முடித்த பிள்ளைகளும், பட்டம் படித்த இளைஞர்களும் முறையாக அனுமதி பெற்று, வாரம் ஒரு நாள் சிறைக்குப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுக்கட்டும்.

பசித்தவருக்கு உணவளியுங்கள், நோயாளியை நலம் விசாரியுங்கள், கைதியை விடுவியுங்கள் என மூன்றையும் ஒரே மூச்சில் ஏவினார்கள் நபி (ஸல்) அவர்கள். முதல் இரண்டையும் செய்து வருகிறோம். மூன்றாவதற்கு மறுமையில் என்ன பதில் சொல்லப் போகிறோம்? வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் மஹல்லாவின் பேரேட்டில் முதல் பெயரை எழுதிவிடுங்கள். வல்ல ரஹ்மான் அநியாயமாய் அடைபட்டவர்களுக்கு விடுதலையையும், நமக்கு அவர்களை மறவாத உள்ளத்தையும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.